எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போன நாள்

முப்பத்து மூன்று வருடம் காக்கிச் சட்டை போட்டவன் நான். அதில் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர். ஒருவரைக்கூட அறைந்ததில்லை. நல்லவன் என்பதால் இல்லை, என் வேலை நாற்காலியில் என்பதால். அடிப்பவர்கள் அடித்துவிட்டுப் போவார்கள், நான் எழுதுவேன். அப்படிப்பட்ட என் பெயருக்குத்தான் ஒரு நாள் மனித உரிமை ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு மனிதரைக் காதில் அறைந்து செவிப்பறையைக் கிழித்தேனாம்.

ரைட்டர் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் என்றார்கள். சால்வை போட்டு, போட்டோ எடுத்து, போளி கொடுத்து முடித்தபோது பத்து நிமிடம்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்திலும் பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். அதனால் எழுத்தில் தருகிறேன். நயமாக எழுத எனக்கு வராது. ‘மேற்படி நபர்’, ‘மேற்படி இடம்’ என்றே எழுதித் தேய்ந்த கை இது.

எந்தப் பதிவேட்டில் எதை எழுதுவது என்பதை உங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லும். எதை எழுதக்கூடாது என்று அது சொல்லாது. அதற்குத்தான் இது.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் போகும்போது சாவிக்கொத்து, ரப்பர் ஸ்டாம்பு, ஒரு மந்திரம் ஆகிய மூன்றையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். மந்திரம் இதுதான்: “எவன்னா நம்மாளு மேல புகார் குடுத்தா பதறாதே. பந்தோபஸ்துல போட்டுடு.”

திருவிழா, கட்சிக் கூட்டம், மந்திரி வருகை என்று கூட்டம் சேரும் இடத்துக்குக் காவலுக்குப் போவதுதான் பந்தோபஸ்து. நூறு காக்கிச்சட்டை நிற்கும் இடத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று அந்தச் சாமிக்கே தெரியாது. இன்ன தேதியில் இன்ன போலீஸ்காரர் என்னை அடித்தார் என்று ஒருவர் புகார் கொடுத்தால், அந்தத் தேதியில் ஊரில் எங்கே திருவிழா என்று நான் காலண்டரைப் பார்ப்பேன். யாருக்கு எங்கே வேலை என்று எழுதும் டூட்டி ரோஸ்டர் அப்போதெல்லாம் உதிரித் தாள். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினால் வேலை முடிந்தது. அடித்தவர் அந்த நேரத்தில் அம்மன் கோயில் வாசலில் பக்தர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இப்படி நான் கோயிலுக்கு அனுப்பிவைத்தவர்களின் புண்ணியத்தையெல்லாம் சேர்த்தால், எங்கள் ஸ்டேஷனில் பாதிப் பேர் மோட்சத்துக்குப் போகவேண்டும்.

ஒரு தடவை ஒரே கான்ஸ்டபிளை ஒரே மாலையில் தேரடியிலும் கட்சிக் கூட்டத்திலும் எழுதிவிட்டேன். இரண்டு தாளும் இரண்டு அலுவலகத்துக்குப் போயின. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதில்தான் எனக்குத் திமிர் ஏறியது. பிடிபடாத தப்பைப் போல மனிதனைக் கெடுப்பது எதுவும் இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, காதில் விழுந்த அந்த அறை.

அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன். பெயர் வேண்டாம், இப்போது அங்கே இருப்பவர்கள் வேறு ஆட்கள். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஒருவர் மனுவோடு வந்தார். பெயர் ரஃபீக். பூந்தமல்லிக்காரர். பைபாஸ் ஓரத்தில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார். கடைப் பூட்டை உடைத்துத் தையல் மிஷினின் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அன்று நானும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. மறைக்காமல் சொல்கிறேன்.

“பாய், பேப்பர் இல்ல. எதிர்க் கடையில ஒரு கட்டு வாங்கினு வந்துடு, எழுதிடலாம்” என்றேன்.

“நானு மனு எழுதிகினே வந்துக்கீறேன் சார்.”

“அது உன் பேப்பரு. ஸ்டேஷனுக்குன்னு பேப்பர் வேணாமா?”

போய் ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கிவந்து என் மேசையில் வைத்தார். புகார் கொடுக்க வருகிறவரிடம் பேப்பர் வாங்கச் சொல்வது அப்போது எங்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி. கூச்சமே இருக்காது.

எஸ்.ஐ. மனுவை வாங்கினார். புதிதாக வந்தவர், முப்பது வயதுகூட இருக்காது. உடற்பயிற்சி செய்த உடம்பு. அந்தக் கைகள் தெரியவேண்டும் என்பதற்காகவே சட்டைக் கையை ஒரு அங்குலம் குட்டையாகத் தைத்திருப்பார். விஷயத்தை வாயால் கேட்டுக்கொண்டு, மனுவைப் படிக்காமலே மடித்தார்.

“மோட்டார் கெடைச்சா சொல்லி அனுப்புறோம். கெளம்பு.”

“ரசீது குடுத்தீங்கன்னா போயிடுவேன் சார்.”

“ரசீதா? இது இன்னா மளிகைக் கடையா?”

“ஒரு கட்டு பேப்பர் வாங்கிக் குடுத்துக்கீறேன் சார். அதுல ஒரே ஒரு தாளு எனக்கு எழுதிக் குடுங்கன்னு கேக்கறேன்.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கணக்குக் கேட்பது மாதிரி, பணிவாகத்தான் சொன்னார். ஆனால் வாசலில் துப்பாக்கியோடு பாரா நின்ற கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்துத் தொலைத்தான். அந்தச் சிரிப்புக்கு விழவேண்டிய அறை ரஃபீக்குக்கு விழுந்தது. இடது காதில்.

நான் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்தார். காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து, “சார், நீங்க பேசறது தூரமா கேக்குது” என்றார். நான் அப்போது எதுவுமே பேசியிருக்கவில்லை. ரசீது இல்லாமலே போனார்.

அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, ஆணையத்துக்கு அவர் மனுப் போட்டார். அறைந்தவரின் பெயர் தெரியாததால் ‘ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர்’ என்றே எழுதியிருந்தார். இரண்டு மாதம் கழித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எஸ்.ஐ. என் மேசைக்கு வந்து ஒரு முனையில் உட்கார்ந்தார்.

“ரைட்டரே, அன்னிக்கு எங்கயாவது திருவிழா இருந்துதா?”

பார்த்தேன். இருந்தது. ஒரு அம்மன் கோயில் தீமிதி. எங்கள் ஸ்டேஷனிலிருந்து உண்மையிலேயே இரண்டு பேர் போயிருந்தார்கள். மூன்றாவதாக எஸ்.ஐ.யைச் சேர்ப்பது எனக்கு இரண்டு நிமிட வேலை. சேர்த்துவிடலாம் என்றேன்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுவில் ‘அப்போது அங்கே இருந்த மற்ற போலீஸ்காரர்களும் பார்த்தார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. சாட்சிக்கு இழுப்பார்கள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அன்று மதியத்திலிருந்து ஒவ்வொருவராக என் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் டிரைவர் வந்தார்.

“ரைட்டர் சார், எஸ்.ஐ. கோயிலுக்குப் போனார்னா ஜீப்பு யாரு ஓட்னது? நான்தானே? என்னியும் போட்டுடுங்க.”

நியாயமாகப் பட்டது. போட்டேன். அடுத்து கம்ப்யூட்டரில் உட்காரும் இரண்டு பேர். பிறகு பெண் கான்ஸ்டபிள். “தீமிதின்னா லேடீஸ் கூட்டம் இருக்கும்ல சார்? லேடி போலீஸ் இல்லாம எப்டி?” அதுவும் நியாயம். பிறகு சிரித்துத் தொலைத்த அந்தப் பாராக்காரன். அவன் நியாயம் எதுவும் சொல்லவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாத்தே, நான் சிரிச்சத எவனும் கேக்கக் கூடாதுண்ணே” என்று கெஞ்சினான். போட்டேன். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட்டார். “ஏம்ப்பா, அன்னிக்கு நானும் கோயில் பக்கம் ஒரு ரவுண்டு வந்தேன்ல?” வந்தீங்கய்யா என்றேன். டீ கொண்டுவருகிறவர் மட்டும்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரையும் போட்டிருப்பேன்.

எல்லாரும் தனித்தனியாக வந்தார்கள். நானும் தனித்தனியாகத்தான் எழுதினேன். மொத்தமாகத் திரும்பப் பார்க்கவில்லை. எழுதிய தாள் எது தெரியுமா? ரஃபீக் வாங்கிக் கொடுத்த கட்டிலிருந்து உருவியது. எழுதியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. இன்ஸ்பெக்டர் படிக்காமல் சீல் வைத்தார். ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

விசாரணைக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். வழக்கமாக அதுவும் ரைட்டர் தலையில்தான். ரஃபீக் அன்று வரவில்லை, அவருக்காக வந்திருந்தவர் முகப்பேரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த வக்கீலம்மா. சின்ன வயது. ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ரோஸ்டரைக் கையில் எடுத்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது மாதிரி வாசிக்க ஆரம்பித்தார்.

“எஸ்.ஐ. எங்க இருந்தார்?”

“பந்தோபஸ்து.”

“டிரைவர்?”

“பந்தோபஸ்து.”

“கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவங்க ரெண்டு பேர்?”

“அவங்களும் பந்தோபஸ்து.”

“கம்ப்யூட்டர எடுத்துட்டா போனாங்க?”

“இல்லம்மா. கூட்டம் ஜாஸ்தி.”

“சரி. பாரா? வாசல்ல துப்பாக்கியோட நிக்கறவர் நகரவே கூடாதே, அவர்?”

அப்போதுதான் எத்தனை பேரைக் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. “அவரும்... பந்தோபஸ்து.”

“துப்பாக்கி?”

“துப்பாக்கி ஸ்டேஷன்லதான் இருந்துது.”

“தனியாவா?”

அறையில் சிரித்தார்கள். விசாரித்த ஆணைய உறுப்பினர் வயதானவர், ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ரோஸ்டரை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாக வந்து, கடைசி வரியில் நிறுத்தினார்.

“இந்தத் தாள்படி பார்த்தா, அந்த நேரத்துல ஸ்டேஷன்ல இருந்தது ஒரே ஒருத்தர்தான். யார் அது?”

“நான்தான்யா.”

“இதை எழுதினது?”

“அதுவும் நான்தான்யா.”

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். “மனுதாரர் காது கிழிஞ்சிருக்கு, மருத்துவமனை சீட்டு இருக்கு. ஸ்டேஷன்ல இருந்தது நீங்க ஒருத்தர். இதுக்கு மேல நான் யாரைத் தேடறது?”

இப்படித்தான் மூன்றாம் வாரம் என் வீட்டு முகவரிக்கு, என் சொந்தப் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. ‘நிலைய எழுத்தர்’ என்று பதவிக்கு வரவில்லை. அப்பா பெயரோடு எனக்கு வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குப் புரியவேண்டும். பதவிக்கு வருகிற கடிதம் மேசையில் கிடக்கும். நாம் மாற்றலாகிப் போனால் அடுத்தவன் பார்த்துக்கொள்வான். பெயருக்கு வருகிற கடிதம் நாம் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வரும். ரஃபீக்குக்கு அரசு நட்ட ஈடு கொடுக்கும், அதை அறைந்தவர் சம்பளத்தில் பிடிக்கும், மேலே துறை நடவடிக்கையும் வரும். எனக்கு அப்போது எஸ்.எஸ்.ஐ. பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓய்வுக்கு நாலு வருடம்.

நோட்டீஸை என் வீட்டுக்காரிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாய்யா, நீ யாரியோ அறைஞ்சியாமே? அதுவும் ஆறடி ஆள?”

“ஆபீஸ் விஷயம். உனக்குப் புரியாது.”

“ஊட்ல கொசு அடிக்கறதுக்கு என்னியக் கூப்டற ஆளு. வலது கையத் தூக்கி உன்னால தலை சீவ முடியுதா? நான் சீவி உடறேன். இந்தக் கையா போய் ஒருத்தன் காதக் கிழிச்சுது?”

அது உண்மை. வருடக்கணக்கில் எழுதியே எனக்கு வலது தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. கை நெஞ்சுக்கு மேல் ஏறாது. தினமும் காலையில் சுவரில் விரலால் ஏணி ஏறுகிற பயிற்சி. விரல் ஏறும், தோள் ஏறாது.

எஸ்.ஐ. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதற்கு முன்னால் அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததே இல்லை. அன்று பன் பட்டர் ஜாமும் வந்தது.

“ஏட்டய்யா, நீங்க பெரியவரு. கை தெரியாம பட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க. சின்னதா முடிச்சிடுவாங்க. அமவுண்ட்டப் பத்திக் கவலப்படாதீங்க, எல்லாரும் சேந்து போட்டுடலாம். கொறைஞ்சா கடைக்காரங்க நாலு பேருகிட்ட சொன்னா முடிஞ்சுது.”

இதை நன்றாகக் கவனியுங்கள். அறைந்த கை ஒன்று. பெயர் இன்னொருவருடையது. பணம் பைபாஸ் ஓரத்துக் கடைக்காரர்களுடையது. அந்தக் கடைக்காரர்களில் ரஃபீக்கும் ஒருவர். விட்டால் அவர் காதுக்கான நட்ட ஈட்டை அவரிடமே வசூல் பண்ணியிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பன்னைச் சாப்பிட்டுவிட்டு, “சரிங்க சார்” என்றேன். பொய் ரோஸ்டர் எழுதியதை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

விசாரணை நாளில் ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசலில் பஸ் ஏறினேன். நிற்கக்கூட இடமில்லை. நடுவில் ஒரு தலை மட்டும் எல்லாத் தலைக்கும் மேலே, உட்கார்ந்தபடியே தெரிந்தது. பூந்தமல்லியில் ஏறி இடம் பிடித்த ரஃபீக். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

“ரைட்டர் சார்! இங்க வாங்க. இவரு போரூர்ல எறங்கறாராம், வந்து ஒக்காருங்க.”

வழக்கில் எதிர் எதிராக நிற்கப்போகிற இரண்டு பேர் ஒரே சீட்டில். போரூர் வந்ததும் நான் அவருடைய இடது பக்கம் உட்காரப் போனேன்.

“அந்தப் பக்கம் வேணாம் சார். இருங்க, நான் நவுந்துக்கறேன். நீங்க வலது பக்கமா வந்து பேசுங்க. இது கேக்காது.”

மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்திருந்த இடத்தில் பஸ் நகராமல் நின்றது. இறங்கி ஓடவும் வழியில்லை. ஏதாவது பேசவேண்டுமே என்று, “மோட்டார் கெடைச்சுதா பாய்?” என்று கேட்டேன். கேட்டபிறகுதான் தெரிந்தது, அதைக் கண்டுபிடிக்கவேண்டிய ஆள் நான் என்று.

“பழசு ஒண்ணு வாங்கிப் போட்டேன் சார். அது ஓடுது. நான்தான் ஓடல. நூலு அறுந்தா முன்னாடி சத்தத்துலயே தெரிஞ்சிடும். இப்ப வெறும் ஊசியிலயே அரை சீட்டு தெச்சிட்டுப் பாக்கறேன், தையலே இல்ல.” சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்தார். “சார், ஒண்ணு கேக்கணும். அறைஞ்சது நீங்கன்னு பேப்பர்ல வந்துக்கீதாமே? வக்கீலம்மா சொன்னாங்க. நீங்க எனக்குத் தண்ணியில்ல குடுத்தீங்க?”

“அது... ஆபீஸ் விஷயம் பாய்.”

“எனக்கு உங்க காசு வேணாம் சார். அன்னிக்கு ஒரு கை வந்துச்சுல்ல, அது யாரு கைன்னு ஒரு எடத்துல எழுதணும். அதான் வேணும். தப்பான கைய எழுதினா நானும் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.”

பஸ் நகர்ந்தது. இறங்கும்போது என் கோப்பை அவர்தான் பிடித்துக்கொண்டார், என் கை தூக்காது என்று பார்த்தே தெரிந்துகொண்டு.

விசாரணையில் எஸ்.ஐ. பின்வரிசையில், பளபளக்கிற ஷூவோடு உட்கார்ந்திருந்தார். உறுப்பினர் என்னைக் கூப்பிட்டு, என்ன சொல்கிறீர்கள் என்றார். நான் மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தேன்.

“ஐயா, கூட்டத்துல நெரிசல்ல, கை தெரியாம...”

“என்ன கூட்டம்? ஸ்டேஷன்ல நீங்க ரெண்டே பேர்தானே?”

“ஆமாங்கய்யா. ரெண்டு பேர் நெரிசல்ல.”

வக்கீலம்மா இருமினார். உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்தார். “எப்படிப் பட்டதுன்னு காட்டுங்க. மனுதாரர் கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

ரஃபீக் எழுந்து நின்றார். அவர் காது எனக்கு மின்விசிறி உயரத்தில் தெரிந்தது. நான் வலது கையைத் தூக்கினேன். நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். தோளில் கத்தி இறங்கியது மாதிரி வலி. “அம்மா” என்று கத்திவிட்டேன். ரஃபீக் பதறிப்போய், “மெதுவா சார், மெதுவா” என்று என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். அறைந்தவன் கையை அறை வாங்கியவர் தூக்கிவிடுகிற காட்சியை அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

“ஸ்டூல் எதாவது வேணுமா?” என்றார் உறுப்பினர்.

இந்த முறை அவரே சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எஸ்.ஐ.யும் சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு இருந்த பயமெல்லாம் விட்டுப்போனது. ஒருவன் சிரித்ததற்கு ஒரு காதைக் கிழித்த ஆள், என் கோமாளித்தனத்தை ஓசியில் பார்த்துச் சிரிக்கிறார்.

“ஐயா,” என்றேன், “உங்க கையில இருக்கற அந்தத் தாள் பூரா பொய். யாரும் கோயிலுக்குப் போகல. ரெண்டு பேரத் தவிர எல்லாரும் ஸ்டேஷன்லதான் இருந்தாங்க. அறைஞ்சவர் அதோ, கடைசி வரிசையில சிரிச்சிட்டு இருக்கார். எழுதினது நான். அந்தப் பேப்பரும் இந்தப் பாய் வாங்கிக் குடுத்தது.”

சிரிப்பு நின்றது. எஸ்.ஐ.யின் ஷூ மட்டும் தரையில் ஒரு தடவை உரசியது.

“ஏன் அப்படி எழுதினீங்க?”

யோசித்துப் பார்த்தேன். உயிருக்குப் பயந்து எழுதினேன், மேலதிகாரி மிரட்டினார் என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் யாரும் மிரட்டவில்லை. கேட்டார்கள், எழுதினேன். “வழக்கமா அப்படித்தான்யா எழுதுவோம்” என்றேன். என் வேலையில் நான் சொன்ன மிக அசிங்கமான வாக்கியம் அதுதான்.

உண்மையான ரோஸ்டரைப் பதினைந்து நாளில் தரச்சொன்னார்கள். மறுநாள் ஸ்டேஷனில் திருவிழா. அதே ஆட்கள், அதே வரிசையில் என் மேசைக்கு வந்தார்கள். “ரைட்டர் சார், என்னிய மறுபடி ஸ்டேஷன்லயே போட்டுடுங்க. பொய் சொன்னா உள்ள வெச்சிடுவாங்களாமே.” டிரைவர் ஜீப்பைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார். பாராக்காரன் துப்பாக்கியிடம் திரும்பினான். நான் பேனாவை எடுக்கவில்லை. ஆளுக்கொரு தாளை நீட்டினேன்.

“நீ எங்க இருந்தே, இன்னா பாத்தேன்னு நீயே எழுது. உன் கையெழுத்து, உன் பேரு. எனக்குக் கை தூக்காது.”

எழுதினார்கள். திட்டிக்கொண்டே எழுதினார்கள். பாராக்காரன் ‘நான் சிரித்தது உண்மை’ என்று தனி வரி போட்டிருந்தான். அந்தத் தாள்கள்தான் வழக்கை முடித்தன. நட்ட ஈட்டை எஸ்.ஐ.யின் சம்பளத்திலிருந்து பிடிக்க உத்தரவு வந்தது. அவர் பெயர் போட்டு, அவர் கை என்று எழுதி வந்தது. பொய் ஆவணம் தயாரித்ததற்காக எனக்கு மெமோ வந்தது. இரண்டு வருடம் சம்பள உயர்வு நின்றது, எஸ்.எஸ்.ஐ. ஆவதும் தள்ளிப்போனது. அநியாயம் என்று நான் எங்கேயும் போய் நிற்கவில்லை. இது என் கை செய்தது. என் வீட்டுக்காரி மட்டும், “அறைஞ்சிருந்தாக்கூட இவ்ளோ ஆயிருக்காது போல” என்றாள்.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் எல்லாம் ஓய்ந்து ஒரு வாரம் கழித்துக் கோப்பைக் கட்டிவைக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. ரஃபீக்கின் மோட்டார் திருட்டு மனு. எஸ்.ஐ. மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது. இத்தனை விசாரணை, இத்தனை தாள், இத்தனை கையெழுத்து. அவர் எதைக் கேட்டு அறை வாங்கினாரோ அந்த ரசீதை அதுவரை ஒருவரும் கொடுக்கவில்லை. ஆணையமும் கேட்கவில்லை, வக்கீலம்மாவும் மறந்துபோனார், நானும்தான்.

அன்றைக்கே எழுதினேன். எதிர்க் கடையில் என் காசில் ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். வலது பக்கமாகப் போய் நின்றேன். மிஷினை நிறுத்திவிட்டு ரசீதை வாங்கி முழுக்கப் படித்தார். கீழே விரலை வைத்தார்.

“இது இன்னா சார், கோழி கிளறின மாதிரி?”

“என் கையெழுத்து பாய்.”

“பேரு தெரியலியே. நாளைக்கு இதக் குடுத்தது யாருன்னு கேட்டா நான் யாரச் சொல்றது?”

அவர் சொன்னது சரி. யாருக்கும் புரியக்கூடாது என்றே நாங்கள் எல்லாரும் கையெழுத்தைப் பழகி வைத்திருந்தோம். சீட் கவர் அளவெடுக்கிற அவருடைய பேனாவை வாங்கி, கிறுக்கலுக்குக் கீழே என் பெயரை முழுசாக, எழுத்து எழுத்தாக எழுதினேன். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான். எதில் கையெழுத்துப் போட்டாலும், நம் பெயரை ஒரு தையற்காரர் படிக்கிற மாதிரிப் போடுங்கள். அப்படிப் போட்டால் பொய்யை எழுதக் கை வராது.

பிறகு பேப்பர் கட்டை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

“இது இன்னாத்துக்கு சார்?”

“அன்னிக்கு உங்ககிட்ட வாங்கினது. திருப்பிக் குடுத்துட்டேன்னு ஒரு ரசீது எழுதிக் குடுங்க பாய்.”

புதுக் கட்டைப் பிரித்து, மேல் தாளை எடுத்து, கேட்டதும் எழுதிக் கொடுத்தார். பெயர் தெளிவாக இருந்தது. யாரும் யாரையும் அறையவில்லை.